பெல்லோனா மாதிரிக் கப்பலின் செப்பு அடிப்பாகம்: ஆண்டுக் கணக்கு பொருந்தவில்லையே?

நெய்தலன் கேட்டது:

அன்பர்களுக்கு வணக்கம். பணி ஓய்வு பெற்ற பிறகு, மரத்தில் பாய்மரக் கப்பல் மாதிரிகள் செய்வதில் என் பொழுதைச் செலவிட்டு வருகிறேன். இதுவரை கடையில் கிடைக்கும் பெட்டிகளை வாங்கி, அதில் உள்ள துண்டுகளை ஒட்டித்தான் பழக்கம். இம்முறை ஒரு கப்பலை வரைபடத்திலிருந்து நானே அறுத்துச் செய்து பார்ப்பது என்று முடிவு செய்து, பிரிட்டிஷ் கடற்படையின் 74 பீரங்கிக் கப்பலான பெல்லோனாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அதற்காக, கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இருக்கும் பதினெட்டாம் நூற்றாண்டு பெல்லோனா மாதிரியின் படங்களைச் சில வாரங்களாகக் கூர்ந்து பார்த்து வருகிறேன். பார்க்கப் பார்க்க இரண்டு ஐயங்கள் வலுத்துவிட்டன.

பெல்லோனா, தாமஸ் ஸ்லேட் வரைந்த வடிவமைப்பின்படி சாத்தம் கப்பல்தளத்தில் கட்டப்பட்டு, 1760 பிப்ரவரியில் நீரில் இறங்கிய கப்பல். பிரிட்டிஷ் கடற்படை ஒரு கப்பலின் அடிப்பாகம் முழுவதையும் செப்புத் தகட்டால் மூடி முதன்முதலில் சோதித்துப் பார்த்தது அலாரம் என்ற 32 பீரங்கிக் கப்பலில். அது நடந்தது 1761-இல்தான். அப்படியிருக்க, பெல்லோனா மாதிரியின் அடிப்பாகம் செப்புத் தகடு போர்த்தியதாக இருப்பது எப்படி? கப்பல் இறங்கிய காலத்தில் செய்த மாதிரி என்றால் செம்பு பொருந்தவில்லை. செம்பை நம்பினால் மாதிரியின் காலத்தை நம்ப முடியவில்லை.

இரண்டாவது ஐயம் விலாக்கட்டைகளைப் பற்றியது. அதே அருங்காட்சியகத்தில் உள்ள செயின்ட் மைக்கேல் என்ற 1669-ஆம் ஆண்டுக் கப்பலின் மாதிரியில் கீழ்ப்பகுதிக்குப் பலகையே அடிக்கவில்லை. விலாக்கட்டைகள் வரிசை வரிசையாக வெளியே தெரிகின்றன. அக்காலத் தச்சர்கள் இத்தகைய மாதிரிகளைப் பார்த்து அளவெடுத்துத்தான் பெரிய கப்பலைக் கட்டினார்கள் என்று ஓரிடத்தில் படித்தேன். அது உண்மையானால், அந்த விலா அமைப்பையே என் பெல்லோனாவிலும் பின்பற்றலாம் என்று நினைக்கிறேன். மரம் அறுக்கத் தொடங்குவதற்கு முன் தெளிவு பெற விரும்புகிறேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஐயா, உங்கள் முதல் கேள்வியிலேயே அதற்கான விடையும் பாதி இருக்கிறது. அந்த மாதிரியின் மர உடல் எந்த ஆண்டில் செய்யப்பட்டிருந்தாலும், அதன்மேல் இருக்கும் செம்பு 1760-ஐச் சேர்ந்ததன்று; ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் எழுந்த ஒரு பெரிய விவாதத்தைச் சேர்ந்தது. 1778 முதல் கடற்படை வாரியத்தின் தலைமைப் பொறுப்பில், கண்ட்ரோலர் என்ற பதவியில் இருந்த சார்லஸ் மிடில்டன், மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடம் செப்புத் தகட்டின் நன்மைகளை விளக்கி இணங்க வைப்பதற்கு இந்த மாதிரியைப் பயன்படுத்தினார் என்று கருதப்படுகிறது. அதாவது, நீங்கள் பார்ப்பது 1760-இல் சாத்தத்தில் இறங்கிய பெல்லோனாவின் தோற்றம் அன்று. கடற்படை முழுவதும் இப்படி மாற வேண்டும் என்று ஒருவர் மன்னர் முன் வைத்த வாதம்.

அந்த வாதம் அவ்வளவு அவசரமாக ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குடியேற்றங்களின் போர் நடந்துகொண்டிருந்தபோது 1778-இல் பிரான்சும், 1779-இல் ஸ்பெயினும் எதிரணியில் சேர்ந்துகொண்டன. 1780 முடிவதற்குள் டச்சுக்காரர்களோடும் போர் மூண்டது. எதிரிகளின் கப்பல்களை ஒன்றுகூட்டினால் பிரிட்டனிடம் எண்ணிக்கை போதாது. புதிய போர்க்கப்பல் ஒன்றைக் கட்டி முடிக்க ஆண்டுகள் ஆகும். இருக்கும் கப்பல்களையே கூடுதல் நாள் கடலில் நிறுத்தவும் விரைவாக ஓட்டவும் முடிந்தால், அது புதிய கப்பல்களைச் சேர்த்ததற்கு ஒப்பாகும் என்பதே மிடில்டன் கண்ட வழி. மரத்தால் ஆன அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் படர்ந்துவிட்டால் கப்பலின் வேகம் குறையும். வெப்பக் கடல்களில் மரத்தைத் துளைக்கும் புழு பலகையைச் சல்லடையாக்கிவிடும். செம்பு இந்த இரண்டையும் தடுத்தது. கப்பல்களை அடிக்கடி உலர்துறைக்குள் இழுத்துச் சுரண்ட வேண்டிய தேவையும் குறைந்தது.

ஆனால் செம்பின் குறையும் முதல் சோதனையிலேயே வெளிப்பட்டிருந்தது. அலாரம் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்த் திரும்பியபின் 1763-இல் சோதித்தபோது, செம்பு பட்ட இடங்களில் இரும்பு ஆணிகள் அரிக்கப்பட்டிருந்ததைக் கண்டார்கள். கடல்நீரில் இரும்பும் செம்பும் ஒன்றையொன்று தொட்டால் இரும்பே கரையும் என்ற மின்வேதியியல் விளக்கம் அன்று எவருக்கும் தெரியாது. எனினும், தகட்டைச் சுற்றி வந்த பழுப்புத் தாள் நீக்கப்படாமல் இடையில் தங்கிவிட்ட இடங்களில் ஆணிகள் கெடாமல் இருந்ததைக் கவனித்தவர்கள், இரண்டு உலோகங்களையும் பிரித்து வைக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டார்கள். மிடில்டனின் திட்டமும் செம்புக்கும் மரத்துக்கும் நடுவே கனமான தாளையும் பூச்சையும் வைப்பதையே நம்பியிருந்தது. அது முழுத் தீர்வாகவில்லை. நீருக்குக் கீழே உள்ள இரும்பு ஆணிகளுக்குப் பதிலாகச் செப்புக் கலவை ஆணிகளைப் பயன்படுத்தும் முறை 1783-க்குப் பிறகே நிலைபெற்றது. இருந்தபோதிலும், 1780 ஜனவரியில் பிரிட்டிஷ் அட்மிரல் ரோட்னியின் கப்பல்கள் ஸ்பானிய அணியை இரவோடு இரவாகத் துரத்திப் பிடித்தபோது, செம்பு போர்த்திய கப்பல்களின் வேகம் அனைவர் கண்ணிலும் பட்டது.

ஆகவே நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த ஆண்டின் பெல்லோனாவைச் செய்யப்போகிறீர்கள் என்பதே. 1760 என்றால் செம்பே கூடாது. அக்காலத்தில் மீனெண்ணெய், குங்கிலியம், கந்தகம் ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சிய, அழுக்கு வெள்ளை நிறப் பூச்சையே அடிப்பாகத்தில் பூசினார்கள். என் விருப்பத்தைக் கேட்டால் 1761 என்பேன். அந்த ஆகஸ்டில்தான் பெல்லோனா ஸ்பெயினின் விகோ துறைமுகத்துக்கு அப்பால் பிரெஞ்சு 74 பீரங்கிக் கப்பலான கூராஜூவைத் தனியே எதிர்த்து நின்று கைப்பற்றியது. பிடிபட்ட அந்தக் கப்பலின் வடிவத்தை அளந்து வரைந்து, பிற்காலப் பிரிட்டிஷ் கப்பல்கள் சிலவற்றை அதன் சாயலிலேயே கட்டினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஆண்டு இன்னும் பொருத்தமாகத் தோன்றும்.

உளிமுனை எழுதியது:

செம்பைப் பற்றி ஏட்டுச்சுவடி அவர்கள் நிறைவாகச் சொல்லிவிட்டார். இரண்டாம் கேள்விக்கு நான் முயல்கிறேன்; 1:48 அளவில் மூன்று கப்பல்களைச் செய்த அனுபவம் எனக்கு உண்டு. முதலில் சொல்ல வேண்டியது: செயின்ட் மைக்கேல் போன்ற மாதிரிகளில் தெரியும் விலா அமைப்பைத் தயவுசெய்து உண்மையான கப்பலின் விலா அமைப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அப்படி எடுத்துக்கொண்டு ஓராண்டு உழைப்பை வீணாக்கியவன்.

நேவி போர்டு (கடற்படை வாரிய) மாதிரிகள் என்று அழைக்கப்படும் அவற்றில், கப்பலின் அடியில் நெடுக ஓடும் ஏராக்கட்டையின் குறுக்கே ஒரு வரிசை அடிக்கட்டைகள் சீரான இடைவெளியில் படுத்திருக்கும். அவற்றின் மேல்முனைக்குச் சற்றுக் கீழே, அந்த இடைவெளிகளுக்குள் இரண்டாம் வரிசைக் கட்டைகள் நுழைந்து மேலே ஏறும். இரண்டு வரிசையும் அருகருகே படியும் வயிற்றுப் பகுதியில் இடைவெளி முழுவதும் அடைபட்டு, கப்பலின் நீளத்துக்கும் ஒரு திண்மையான பட்டைபோல் தெரியும். அதற்கு மேலும் கீழும் செவ்வகச் சாளரங்கள் வரிசையாக இருக்கும். கண்ணுக்கு இதைவிட அழகான ஒழுங்கு இல்லை என்றே சொல்வேன். ஆனால் இது மாதிரி செய்தவர்களின் மரபு. உண்மையான கப்பலில் கட்டைகள் இரட்டை இரட்டையாக இணைத்து நிறுத்தப்பட்டு, அவற்றுக்கு நடுவே இட்டுநிரப்பும் கட்டைகளும் வந்து, இடைவெளி சில அங்குலங்களாகக் குறுகிவிடும். வெளிப்பலகை அடிப்பதற்கு முன்பே கப்பல் கிட்டத்தட்ட ஒரு மரச்சுவர்போல் இருக்கும். பீரங்கி வாயில்கள் வரும் இடங்களில் கட்டைகளை நகர்த்தவும் குறைக்கவும் வேண்டியிருக்கும். அந்தத் தொல்லையெல்லாம் மாதிரியின் கீழ்ப்பகுதியில் தெரிவதில்லை.

அப்படியானால் பெரிய கப்பலை எதைப் பார்த்துக் கட்டினார்கள் என்று கேட்பீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் வரைபடமே மூலம். பக்கத் தோற்றம், மேலிருந்து பார்க்கும் அரை அகலம், குறுக்கு வெட்டு ஆகிய மூன்றையும் ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற அளவில் தாளில் வரைந்தார்கள். பின்னர், வார்ப்புக்கூடம் என்று நாம் சொல்லக்கூடிய பெரிய மாடித் தரையில் அந்தக் கோடுகளை முழு அளவிலேயே மீண்டும் வரைந்து, அவற்றின்மேல் மெல்லிய பலகைகளை வைத்து ஒவ்வொரு விலாவுக்கும் அச்சு வெட்டினார்கள். அந்த அச்சுகளைக் கருவாலி (ஓக்) மரத்தின்மீது பொருத்தி, இயற்கையாகவே வளைந்த கிளைகளைத் தேர்ந்து அறுத்தார்கள். 1750-களில் எழுந்த அத்தகைய ஒரு கூடம் சாத்தத்தில் இன்றும் நிற்கிறது. புகழ்பெற்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலான விக்டரியின் கோடுகள் விரிந்தது அந்தத் தரையில்தான். மூன்றரை அடி நீளமுள்ள ஒரு மாதிரியில் நூலிழை அளவு பிழை செய்தாலும், பெரிய கப்பலில் அது 48 மடங்காகிவிடும். எந்தத் தலைமைத் தச்சரும் மாதிரியின்மீது அளவுகோலை வைத்துக் கப்பல் கட்ட மாட்டார்.

உங்களுக்கு என் யோசனை: பெல்லோனாவின் பீரங்கித் தளம் 168 அடி. 1:48 அளவில் அது 42 அங்குலம். அணியத்தின் முன்னேயும் பின்புறத்திலும் நீட்டுபவற்றையும் சேர்த்துப் பெட்டியின் அளவை இப்போதே கணக்கிட்டுவிடுங்கள். விலாவைத் திறந்து காட்ட ஆசை இருந்தால் உண்மையான அமைப்பைச் செய்யுங்கள். அல்லது நேவி போர்டு மரபைத்தான் செய்கிறேன் என்று தெரிந்தே செய்யுங்கள். இரண்டும் நல்ல வேலைகளே, கலந்துவிட்டால்தான் பிழை. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அந்தத் திறந்த விலா மரபு தளர்ந்து, பலகை முழுவதும் அடித்து வண்ணம் பூசிய மாதிரிகள் பெருகிவிட்டன. ஆகவே 1760-ஆம் ஆண்டுக் கப்பலுக்கு 1669-ஆம் ஆண்டு மாதிரியின் உடையைப் போர்த்துவது பொருந்தாது.

பிற்காலப் பெல்லோனாவைத்தான் செய்வது, செம்பு வேண்டும் என்று முடிவெடுத்தால், ஒரு தகடு ஏறத்தாழ 4 அடி நீளமும் 14 அங்குல அகலமும் கொண்டது. உங்கள் அளவில் அது ஓர் அங்குல நீளமும், கால் அங்குலத்தைச் சற்று மிஞ்சிய அகலமும் ஆகும். கடைப் பெட்டிகளில் தரும் தகடுகளில் ஆணிக் குமிழ்கள் கொப்புளம்போல் புடைத்திருக்கும். உண்மையில் ஆணித்தலைகள் தகட்டோடு படிந்தே இருந்தன. 48-இல் ஒரு பங்காகக் குறைத்தால் அவை கண்ணுக்கே தெரியக் கூடாது.

நெய்தலன் எழுதியது:

இருவருக்கும் என் உளமார்ந்த நன்றி. நான் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த குமிழ்த் தகடுகளைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். ஆண்டு 1761 என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி என்னைவிட்டு அகலவில்லை. கப்பல் கட்டுவதற்கு வரைபடமே போதும் என்றால், பேரிக்கட்டையையும் பாக்ஸ்வுட் மரத்தையும் இவ்வளவு பொறுமையாக இழைத்து, பின்புறச் சிற்பங்களுக்குப் பொன் முலாம் பூசி, சாளரங்களில் அப்பிரகத் தகடு வைத்து, எவருக்காக இதைச் செய்தார்கள்? அரசுக் கப்பல்தளத்தில் கூலி கொடுத்துச் செய்யும் வேலைக்கு ஒரு பயன் இருந்திருக்க வேண்டுமல்லவா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

பயன் இருந்தது. வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் தச்சர்கள். பணத்துக்கும் கட்டளைக்கும் அதிகாரம் உள்ளவர்களோ பெரும்பாலும் அதைப் படிக்கத் தெரியாதவர்கள். அந்த இருவருக்கும் நடுவே நின்று பேசியது மாதிரிதான். பினியஸ் பெட் என்ற கப்பல் தச்சர் 1607-இல் தம் கையால் செய்த மாதிரி ஒன்று முதலாம் ஜேம்ஸ் மன்னரின் பார்வைக்குச் சென்றது. அதைக் கண்டு மகிழ்ந்த மன்னர் பெரிய கப்பலைக் கட்ட ஆணையிட்டார். 1610-இல் உல்விச்சில் கட்டி முடிக்கப்பட்ட பிரின்ஸ் ராயல் அவ்வாறு பிறந்தது. அதே பெட், 1634-இல் குழந்தையாக இருந்த இளவரசர் சார்லசுக்குச் சக்கரம் வைத்த சிறு கப்பல் ஒன்றைச் செய்துகொடுத்தார். அந்த ஆண்டிலேயே முதலாம் சார்லஸ் மன்னரின் பெருங்கப்பலுக்கான மாதிரியையும் செய்தார். 1637-இல் அந்தக் கப்பல் சாவரின் ஆஃப் தி சீஸ் என்ற பெயரில் நீரில் இறங்கியது. மிடில்டன் மூன்றாம் ஜார்ஜ் முன் பெல்லோனாவை வைத்ததும் இந்தப் பழைய வழக்கத்தின் தொடர்ச்சியே.

கற்பதற்கும் மாதிரி பயன்பட்டது. கடற்படை வாரியத்தின் எழுத்தராக 1660-இல் அமர்ந்த சாமுவேல் பீப்ஸுக்குக் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது. 1662 கோடையில் கூப்பர் என்ற கப்பல் துணை அதிகாரி (மேட்) ஒருவரை அமர்த்திப் பெருக்கல் வாய்ப்பாட்டையும், ஒரு மாதிரியை முன்னே வைத்துக் கப்பலின் உறுப்புகள், கயிறுகள் ஆகியவற்றின் பெயர்களையும் கற்றுக்கொண்டதைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பின்னாளில் தாமே மாதிரிகளைச் சேர்த்தார். 1703-இல் அவர் இறந்தபோது அவை நண்பர் வில்லியம் ஹியூவருக்குப் போயின. பொதுமக்களுக்குப் பயன்படும்படி அவற்றைக் காக்க வேண்டும் என்பது பீப்ஸின் விருப்பம். அவற்றில் ஒன்றையும் இன்று எவராலும் சுட்டிக்காட்ட முடியவில்லை. அவர் சேர்த்த நூல்கள் கேம்பிரிட்ஜில் வரிசை மாறாமல் இருக்க, மாதிரிகள் மட்டும் மறைந்துபோனதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மேலிடுகிறது.

பீப்ஸ் வகித்த அதே எழுத்தர் பதவியில் 1690 முதல் 1719 வரை இருந்த சார்லஸ் செர்ஜிசனின் மாதிரிகளுக்கு நல்ல காலம் இருந்தது. சசெக்ஸில் உள்ள கக்ஃபீல்டு மாளிகையில் இரண்டு நூற்றாண்டுகள் அசையாமல் இருந்தவற்றை, 1922-இல் ஹென்றி ஹட்டில்ஸ்டன் ராஜர்ஸ் என்ற அமெரிக்கர் வாங்கினார். 1935-இல் அவர் மறைந்தபின், அவர் எழுதிவைத்தபடி அவை அனாபொலிசில் உள்ள அமெரிக்கக் கடற்படைக் கழகத்துக்குச் சென்றன. இன்று கிரீனிச்சுக்கு வெளியே இத்தகைய மாதிரிகளைக் காண அதைவிடச் சிறந்த இடம் இல்லை என்பது என் கருத்து.

பேழைக்காவல் எழுதியது:

நான் அருங்காட்சியகப் பொருள்களைப் பராமரிக்கும் பணியில் இருந்தவன். கப்பல் வரலாறு அறிந்தவன் அல்லன். நெய்தலன் ஐயா பெட்டியின் அளவைக் கணக்கிடப் போகிறார் என்பதைப் படித்ததும் ஒன்றைச் சொல்லத் தோன்றியது. பெட்டியை எந்த மரத்தில் செய்யப்போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

கருவாலி போன்ற மரங்களும், புதிய ஒட்டுப்பலகைகளும், சில பசைகளும் அசெட்டிக் அமில ஆவியை மெல்ல வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த ஆவி தேங்கும். ஈரப்பதமும் சேர்ந்தால், ஈயத்தில் செய்த நங்கூரம், பீரங்கி, உருவச் சிலை எல்லாம் வெள்ளை மாவாகப் பூத்து உதிரத் தொடங்கும். அது ஈயக் கார்பனேட், நச்சுப் பொருள். பழைய மாதிரிகளில், பிற்காலத்தில் பழுது பார்த்தவர்கள் சேர்த்த ஈய உறுப்புகளே இவ்வாறு கெடுவதை நான் பார்த்திருக்கிறேன். என் வீட்டிலும் ஒரு சிறு படகின் ஈய நங்கூரங்கள் நான்கே ஆண்டுகளில் பூத்துவிட்டன. நான் ஆசையாகச் செய்த இறுக்கமான பெட்டிதான் அதற்குக் காரணம். பீரங்கிகளை மரத்தில் கடைந்து கருமை பூசுங்கள், அல்லது பித்தளையில் செய்யுங்கள். பெட்டியின் அடியில் வலை பொருத்திய சிறு காற்றுத் துளைகள் வையுங்கள். வெயில் நேரே படும் சுவர் வேண்டாம். கயிறுகளின் பருத்தி இழை வெளிச்சத்தில்தான் முதலில் நொறுங்கும்.

பழைய மாதிரிகளின் பாய்மரங்களையும் கயிறுகளையும் படத்தில் பார்த்து அப்படியே பின்பற்றுவதற்கு முன் எச்சரிக்கை தேவை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். மர உடல் முந்நூறு ஆண்டு நிற்கும், நூல் நிற்காது. பல மாதிரிகளில் இன்று காணும் கயிற்றமைப்பு பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் புதிதாகக் கட்டப்பட்டது. கட்டியவர் தம் காலத்து வழக்கத்தையே சில இடங்களில் புகுத்தியிருப்பார். உடலுக்கு மாதிரியை நம்புங்கள். கயிற்றுக்கு அந்தந்தக் காலத்து எழுத்தையும் ஓவியத்தையும் ஒப்பிடுங்கள்.

நெய்தலன் எழுதியது:

இந்த எச்சரிக்கை சரியான நேரத்தில் வந்தது. கீழ்த்தளத்துக்கு 28, மேல்தளத்துக்கு 28, பின்மேடைக்கு 14, முன்மேடைக்கு 4 என 74 பீரங்கிகளையும் ஈயத்தில் வார்ப்பதற்கு அச்சு செய்யத் தொடங்கியிருந்தேன். அதை நிறுத்திவிட்டு, பேரிமரத்தில் கடைய ஒரு சிறு கடைசல் பொறிக்கு ஏற்பாடு செய்கிறேன். உளிமுனை அவர்கள் சொன்னபடி உண்மையான விலா அமைப்பையே எடுத்துக்கொண்டு, இடப்பக்கம் மட்டும் நீர்மட்டத்துக்குக் கீழே பலகை அடிக்காமல் விட்டு, வலப்பக்கம் முழுவதும் பலகை அடித்து வெள்ளைப் பூச்சுப் பூச எண்ணியிருக்கிறேன். ஏராக்கட்டையை இழைத்து முடித்ததும் இதே இழையில் படம் இடுகிறேன். பிழை இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள்.